மெதுவாக எழுதும் பிள்ளை

அந்தச் சோதனைப் பெட்டிக்கு நான் சீட் பெல்ட் மாட்டித்தான் கார் ஓட்டுவேன். முன் இருக்கையில் அதை உட்கார வைத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டி, பிரேக் போடும்போதெல்லாம் இடது கையால் பிடித்துக்கொள்வேன். என் பழைய காரை விற்றாலும் அந்தப் பெட்டியை வாங்க முடியாது என்று பல்கலைக்கழகத்தில் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட்டார்கள். உள்ளே வண்ணக் கட்டைகள், படப் புத்தகங்கள், அச்சிட்ட தாள்கள், செங்கல் கனத்தில் ஒரு கையேடு. பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் பெட்டி அது. கூலிம் பக்கம் போகும் சாலையில் லாரி ஒன்று குறுக்கே வந்தால் முதலில் பெட்டியைப் பற்றிக் கவலைப்படுவேன், பிறகுதான் என்னைப் பற்றி.

உளவியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்த நேரம். நான் பெண்டாங்கில் வளர்ந்தவள். அத்தா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் நாசி கண்டார், கடைக்குப் பின்னாலிருந்தே வயல் தொடங்கிவிடும். என் படிப்பில் அவருக்குப் பாதி பெருமை, பாதி கூச்சம். "மக டாக்டருக்குப் படிக்கிறா" என்று சாப்பிட வருகிறவர்களிடம் சொல்வார். என்ன டாக்டர் என்று யாராவது கேட்டுவிட்டால் ரொட்டியைத் திருப்பிப் போடக் கிளம்பிவிடுவார்.

நான் படித்ததெல்லாம் மலாய்ப் பள்ளியில். தமிழ் எழுத்து அம்மாவிடமும் கடைக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையிலும் கற்றுக்கொண்டது. ஒரு தமிழ்ப்பள்ளியின் வகுப்பறைக்குள் நான் அதுவரை கால் வைத்ததே இல்லை. களப்பயிற்சி தொடங்கியபோது எங்கள் குழுவில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், சுற்றுவட்டாரத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் என் தலையில் வந்து விழுந்தார்கள். தமிழ் தெரிந்தால் போதும், தமிழ்ப் பிள்ளைகளைத் தெரிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான்.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் யாரும் சொன்னது கிடையாது. அத்தாவின் கடையில் குடித்துவிட்டு வந்து வம்பு செய்கிறவனைக் கரண்டியைக் காட்டியே வெளியே அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த ஆண்டு முழுக்கப் பயந்துகொண்டே இருந்தேன். கத்தியால் கீறுகிற மருத்துவர் தான் கீறியதைக் கண்ணால் பார்க்கலாம். நான் ஒரு பிள்ளைக்கு ஓர் எண்ணை எழுதுவேன். அந்த எண் அந்தப் பிள்ளையோடு கைப்பிடித்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகும். அது தப்பாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதற்கு நடுவில் வாரம் ஒருமுறை இளங்கலை மாணவர்களுக்கு டுட்டோரியல் எடுக்க வேண்டும். பாடம், உளவியல் அளவீடு. வேடிக்கையைப் பாருங்கள், அளப்பதற்கே பயந்து சாகிறவள் அளப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறாள். "எல்லாருக்கும் ஒரே சொல், ஒரே நேரம், ஒரே குரல். சரி என்றும் சொல்லக்கூடாது, தப்பு என்றும் சொல்லக்கூடாது. முகத்தில்கூடக் காட்டக்கூடாது. அப்போதுதான் அளப்பது ஒரே அளவாக இருக்கும்" என்று பலகை முன்னால் நின்று ஒப்பிப்பேன். மாணவர்கள் பணிவாக எழுதிக்கொள்வார்கள்.

சில நாள் என் மேற்பார்வையாளர் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். மலாய்க்காரப் பெண்மணி, என் அம்மா வயது. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை, அதனாலேயே அவரிடம் எனக்குப் பயம் அதிகம். எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "உனக்கு எப்படித் தெரியும்?" திட்டினால் பதிலுக்குக் கோபமாவது படலாம். இந்தக் கேள்விக்குக் கோபப்படவும் வழியில்லை.

பாடாங் மேஹா பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் பெயர் வந்தது. மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண். வாசிக்க வராது, பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதவே ஒரு பாடவேளை போய்விடும், கேட்டால் பதில் சொல்லாது என்று வகுப்பாசிரியை எழுதியிருந்தார். அறிவுக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருக்கிறது என்று என் அறிக்கை சொன்னால் பிள்ளையை டவுனில் இருக்கும் ஒரு மலாய்ப் பள்ளியின் சிறப்பு வகுப்புக்கு மாற்றுவார்கள், மாற்றுத்திறனாளி என்று காட்டும் ஓ.கே.யூ. கார்டும் எடுப்பார்கள். அங்கே தமிழ் பேச ஆள் கிடையாது. தமிழிலேயே வாய் திறக்காத பிள்ளை அங்கே என்ன செய்யும்? குறைபாடு இல்லை என்று நான் சொல்லி, உண்மையில் இருந்துவிட்டால் அதைவிட மோசம். பின் பெஞ்சில் ஒரு மூட்டையைப் போல இருந்து ஆறாம் ஆண்டுவரை நகர்ந்து போய்விடும்.

சோதனை நாளன்று பள்ளி வாசலில் பிள்ளையின் அம்மா எனக்காகக் காத்திருந்தார். என்னைவிடச் சில வயது பெரியவர். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, மைக்ரோஸ்கோப்பில் சில்லுகளைப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வேண்டும். கணவர் லாரி ஓட்டுகிறவர், தெற்கே போனால் திரும்பி வர நாளாகும். அன்று மத்தியான ஷிஃப்ட் என்பதால் கம்பெனிச் சட்டையோடே வந்திருந்தார்.

"டீச்சர், கம்பெனில ஒரு பீஸ வச்சா பாஸா ரிஜெக்ட்டான்னு நான் பாத்தோன சொல்லிடுவேன். நீங்களும் அப்டிதான் பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"அப்டி இல்லக்கா. நெறைய வெளையாட்டு மாதிரி இருக்கும். மெதுவா பாத்துதான் சொல்வோம்."

"ரிஜெக்ட்டுன்னா நேரா சொல்லிடுங்க டீச்சர். சுத்தி வளைக்காதீங்க. எனக்கு அப்டி பேசுனா புரியாதுலா."

நான் டீச்சர் இல்லை, மாணவிதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் முகத்தில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிருக்கும். சிரித்து வைத்தேன்.

நூலகம் என்று பலகை மாட்டிய ஓர் அறையைக் கொடுத்தார்கள். பிள்ளை வந்தது. இரட்டைப் பின்னல், எண்ணெய் வழியும் தலை, முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்ட சாக்ஸ். உட்காரச் சொல்லும்வரை நின்றது. உட்கார்ந்ததும் கையைக் கட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டேன், சொன்னது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், எழுந்து நின்று "நாசி லெமாக் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. நிற்க வேண்டாம் என்றேன். அடுத்த கேள்விக்கும் நின்றது.

கட்டைகளை எடுத்து வைத்தேன். படத்தில் இருக்கிற மாதிரி கட்டைகளை அடுக்க வேண்டும், நேரம் பார்ப்பேன். பிள்ளை அடுக்கியது. அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தது. முடித்துவிட்டதா, யோசிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்காகக் காத்திருக்க, நான் அதற்காகக் காத்திருக்க, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் "முடிஞ்சிச்சா?" என்று கேட்டேன். அவ்வளவுதான், சரியாக அடுக்கியிருந்ததைச் சட்டென்று கலைத்துவிட்டு வேறு மாதிரி அடுக்கத் தொடங்கியது. எனக்கு "ஐயோ" என்று கத்த வேண்டும்போல இருந்தது. முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது விதி. காட்டவில்லை.

அதற்குப் பிறகு குறி எழுதும் பகுதி. தாளின் மேலே ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி இருக்கும். கீழே வரிசையாக இருக்கும் எண்களுக்கு அந்தந்தக் குறியை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அழிப்பான் தரக்கூடாது. கையேட்டில் இருந்ததை வரி பிசகாமல் தமிழில் சொன்னேன். புரிந்ததா என்று கேட்டேன். எழுந்து நின்று "புரிஞ்சது டீச்சர்" என்றது. தொடங்கு என்று சொல்லிக் கடிகாரத்தை அழுத்தினேன்.

பிள்ளை தன் பென்சில் பெட்டியைத் திறந்து அடிக்கோலை எடுத்தது. என் அச்சிட்ட தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு கிழித்தது. தாளின் தலையில் கிழமை எழுதியது, தேதி எழுதியது. இரண்டுக்கும் அடியில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது. அந்தத் தாளில் தேதிக்கு வேறு இடம் இருக்கிறது, ஓரக்கோடு யாரும் கேட்கவே இல்லை. கடிகாரம் ஓடுகிறது. கோடு நேராக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் குறிக்கு வந்தது. குறியை அச்சில் வார்த்த மாதிரி போட்டது. ஒன்று கொஞ்சம் கோணிவிட, அழிப்பான் தேடியது, கிடைக்கவில்லை, விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தது.

ஒருமுறை நினைவூட்டலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. "வேகமா செய்" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு இன்னும் அழகாக எழுதத் தொடங்கியது. நேரம் முடிந்தபோது முதல் வரிசையே முடியவில்லை.

வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தார். பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஒன்றும் கேட்காமல், என் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடினார். அன்றைக்கு என் முகம் நன்றாகவே பயிற்சி பெற்றிருந்தது.

பெண்டாங்குக்கு வந்து கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எண், குறைபாட்டுக்கு வகுத்த எல்லைக் கோட்டுக்குக் கீழே விழுந்தது. கூட்டலில் பிசகியிருப்பேன் என்று திரும்பக் கூட்டினேன். பிசகவில்லை. சிறப்பு வகுப்பு என்று எழுத வேண்டிய எண் அது. அத்தா ஒரு டம்ளர் தே தாரே கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா அந்தப் புள்ள?"

"சொல்லக்கூடாதுத்தா. ரகசியம்."

"என்கிட்டயா? இந்த ஊர்ல உள்ளவன் கதையெல்லாம் இந்தக் கல்லாப் பொட்டிக்கித் தெரியும். ஒன்னு வெளிய போயிருக்கா?"

"இது வேற ரகசியம்த்தா" என்று எரிந்து விழுந்தேன். பாவம், டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் மேற்பார்வையாளரின் அறையில் தாள்களை விரித்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். குறித் தாள் வந்ததும் விரல் நின்றது. ஓரக்கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன?"

"தெரியவில்லை. ஒரே செயலில் பிடிவாதமாக ஒட்டிக்கொள்வது, சூழ்நிலைக்கு ஏற்ப மாற முடியாமை என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன்."

தலையைச் சாய்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் தெரிந்துகொண்டு எழுது, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழு கூடுவதற்கு அதிக நாள் இல்லை என்று சொல்லித் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். மீண்டும் அதே சோதனையைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கேள்விகள் பிள்ளைக்குப் பழகியிருக்கும், கொடுக்கக்கூடாது, அது உனக்கே தெரியும் என்றார். எனக்குத் தெரியும். அவராவது வேறு மாதிரி சொல்ல மாட்டாரா என்ற நப்பாசையில்தான் கேட்டேன்.

அந்த வார டுட்டோரியலில் பாடம் நடத்த எனக்கு மனமே இல்லை. நேரத்தை ஓட்டுவதற்காக அந்தக் குறி எழுதும் பகுதியைப் போல நானே ஒரு குறிப்பட்டியல் தயாரித்து, நகலோடு ஆளுக்கொரு வெற்றுத் தாளும் கொண்டுபோய், மாணவர்களையே செய்யச் சொன்னேன். சோதனைக்கு உட்காருகிறவருக்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்றேன். தொடங்குங்கள் என்றதும் எல்லாரும் கோழி கிளறுகிற மாதிரி கிறுக்கத் தொடங்கினார்கள்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு மாணவி மட்டும் பைக்குள் கையை விட்டாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள், தேர்வுத் தாளைத் திருத்தும்போது நான் என் விடையைச் சரிபார்த்துக்கொள்வது அவளுடைய தாளைப் பார்த்துத்தான். அடிக்கோலை எடுத்தாள். இடது ஓரத்தில் ஒரு கோடு. மேலே கிழமை, தேதி. அடியில் கோடு. அதன் பிறகுதான் எழுதத் தொடங்கினாள்.

நான் கடிகாரத்தை நிறுத்த மறந்துபோனேன். பக்கத்தில் இருந்த சீன மாணவன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டான். அவளுக்கு அப்போதுதான் தான் செய்தது தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சோரி மிஸ். தமிழ் ஸ்கூல் பழக்கம். தாளக் குடுத்தா கை தானா போயிருது."

"எல்லாரும் இப்டியா செய்வீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"எங்க ஸ்கூல்ல அப்டிதான் மிஸ். கோடு போடாம எழுதினா டீச்சர் பக்கத்தையே கிழிச்சிடுவாங்க. கையெழுத்து அழகா இல்லன்னா மறுபடி மொதல்லேர்ந்து எழுதணும். சீக்கிரம் முடிச்சாலும் கைய கட்டிக்கிட்டு ஒக்காரணும், டீச்சர் வந்து பாக்குற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"டீச்சர் 'முடிஞ்சிச்சா'ன்னு கேட்டா?"

"அப்ப எங்கயோ தப்புன்னு அர்த்தம் மிஸ். ஒடனே அழிச்சிருவோம்."

அவள் அதை மலாயில் திருப்பிச் சொன்னதும் வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளை தனக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை அத்தனையையும் ஒன்று விடாமல் எனக்குச் செய்திருக்கிறது. நான் அதற்கெல்லாம் மதிப்பெண் குறைத்து வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே சொல், ஒரே நேரம் என்று நான் நெட்டுருப் போட்டுச் சொல்லிக்கொடுத்தது அந்த அறையிலேயே என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. வகுப்பை முன்னதாகவே விட்டுவிட்டு மேற்பார்வையாளரின் அறைக்கு ஏறக்குறைய ஓடினேன்.

அவர் முழுதும் கேட்டார். முதன்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேகம் பார்க்காத வேறொரு சோதனை துறையில் இருக்கிறது, அதைக் கொடுத்துப் பார் என்றார். அதோடு, "இதனால் அந்தப் பிள்ளைக்குக் குறை இல்லை என்று நீ ஆசைப்படத் தொடங்கிவிடாதே. ஆசைப்படுகிறவர் கண் சரியாக அளக்காது" என்றும் சொன்னார். நான் ஏற்கெனவே ஆசைப்படத் தொடங்கியிருந்தேன். அதுவும் ஒரு புதுப் பயமாகச் சேர்ந்துகொண்டது.

இரண்டாம் முறை போனபோது, தொடங்கும் முன்பே சொன்னேன்: "இது பரீட்சை இல்ல. கோடு போட வேணாம். முடிஞ்சா 'முடிஞ்சிச்சு'ன்னு சொல்லு. நான் கேட்டா தப்புன்னு அர்த்தம் இல்ல, சும்மா கேக்குறேன்." பிள்ளை என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. கட்டிய கையை அவிழ்க்கவே வெகுநேரம் ஆயிற்று. ஆனால் அவிழ்ந்த பிறகு நான் கொடுத்த படப் புதிர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனது. எது எதோடு சேரும், எது ஒற்றையாக நிற்கிறது, அடுத்து என்ன வரும் என்று விரலை வைத்துக் காட்டியது. ஒரு கட்டத்தில் நான் அடுத்த பக்கத்தைத் திருப்பும் முன் அதுவே திருப்பிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. கணக்குப் போட்டபோது எண் கோட்டுக்கு மேலே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேலே இருந்தது. இந்த முறை மேற்பார்வையாளரும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

வாசிப்பு மட்டும் வரவில்லை. இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாசிப்பில் மட்டும் வரும் ஒரு சிரமம் உண்டு, அறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அதை உறுதியாகச் சொல்லத் தனிச் சோதனை வேண்டும், தமிழில் அப்போது எங்களிடம் அது கிடையாது. "சோதிக்காத ஒன்றுக்குப் பெயர் வைக்காதே. 'இருக்கலாம், மேலும் பார்க்க வேண்டும்' என்று மட்டும் எழுது" என்றார் மேற்பார்வையாளர். எழுதினேன். அறிவுக் குறைபாடு இல்லை, இதே பள்ளியில் தொடரலாம். அந்த வரியை எழுதிய அன்றுதான் பல நாளுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கியது.

முடிவைப் பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் காலை ஷிஃப்ட் முடிந்து அவர் வரும் நேரம் பார்த்து வீட்டுக்கே போனேன். தோட்டத்துக்கு வெளியே கட்டிய மலிவு விலை வீடு. எனக்குச் சிராப் கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே பாயில் உட்கார்ந்தார். பிள்ளை பள்ளிச் சீருடையோடு கதவோரம் நின்றது.

"அக்கா, அவளுக்கு அறிவுல ஒரு கொறையும் இல்ல. ஸ்கூல் மாத்த வேணாம். கார்டும் வேணாம்."

"பாஸா டீச்சர்?"

"பாஸ் பெயில்னு இல்லக்கா..."

"பாஸ்தானே?"

"ஆமாக்கா. பாஸ்தான்." எங்கள் கையேடு என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்படப் போகிறார், ஒருவேளை அழுவார் என்று எதிர்பார்த்து, பையிலிருந்து டிஷூவைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார்.

"அப்ப வேணும்னுதான் படிக்காம இருந்தியா? இத்தன நாளும்?"

பிள்ளை கையைக் கட்டிக்கொண்டது.

"அக்கா, அப்டி இல்ல..."

"டீச்சர், நான் ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் வரைக்கும் இவள அடிச்சேன். ரோத்தான் பெரம்பால. நின்னு நின்னு காலு வீங்கி வீட்டுக்கு வந்து புக்கத் தொறந்தா ஒரு எழுத்து வாயில வராது. அடிச்சா வந்துரும்னு எல்லாரும் சொன்னாங்க. அப்பறம் ஸ்கூல்ல கூப்ட்டு, இவளுக்கு ஏதோ நோவு இருக்கும்போல, டெஸ்ட் எடுக்கணும்னு சொன்னாங்க. அன்னிக்கி ரோத்தான ஒடிச்சி சாக்கடக் கான்ல போட்டேன். நோவுக்காரப் புள்ளயப் போட்டு அடிச்சிட்டோமேன்னு அழுதேன். அதுக்கப்புறம் கை வக்கல டீச்சர். இப்ப நீங்க வந்து நோவு இல்லன்னு சொல்றீங்க."

பள்ளி மாறுவதா இல்லையா, எண் மேலேயா கீழேயா என்று வாரக்கணக்கில் செத்துப் பிழைத்தவள், நான் கொண்டுவந்த நல்ல செய்தி இந்த வீட்டுக்குள் என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. வாசிப்பில் ஒரு சிரமம் இருக்கலாம், மேலும் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். இருக்கலாம் என்ற சொல் அவர் காதுக்குப் போகும் முன்பே கீழே விழுந்துவிட்டது. சுற்றி வளைத்தால் புரியாது என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அப்போது கதவோரத்திலிருந்து பிள்ளை பேசியது. நான் கேட்காமல் அது தானாகப் பேசியது அன்றுதான்.

"டீச்சர், அந்த டெஸ்ட்ட நான் மறுபடி செய்யட்டா? இந்த வாட்டி தப்பு தப்பா செய்றேன்."

அம்மாவுக்கும் அது கேட்டது. முந்தானை இல்லாத கம்பெனிச் சட்டையின் நுனியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் என்னுடைய டிஷூவைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"நோவுன்னே எழுதிக் குடுத்துருங்க டீச்சர்" என்றார் கடைசியில். "வேல முடிஞ்சி வர்ற நேரத்துல என் கைய நான் நம்ப மாட்டேன்."

அறிக்கையை மூடி வைத்தேன். "அக்கா, இங்க பாருங்க. அவ வேணும்னு செய்யல. அவளால படிக்க முடியல. முடியாத ஒன்னு அடிச்சா வராது. சொல்லிக்குடுக்க வேற வழி இருக்கு, அத நான் தேடித் தர்றேன்."

உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டிருந்தால் அன்று காட்ட என்னிடம் ஒரு சோதனைத் தாளும் இல்லை. என் படிப்பே போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே பயந்துகொண்டும் இருந்தேன்.

"அத எழுதிக் குடுப்பீங்களா?"

ஒரு தாளைக் கிழித்துத் தமிழில் எழுதினேன். மடியில் வைத்து எழுதியதால் எழுத்து கோணல்மாணலாக வந்தது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சத்தமாக வாசித்தார்.

"இந்தப் பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை. படிக்க முடியாததால்தான் படிக்கவில்லை. இது இவள் தவறு அல்ல."

பிள்ளை கதவை விட்டு நகர்ந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. அந்தத் தாளை எட்டிப் பார்த்தது. அதில் இருந்த எதையும் அதனால் வாசிக்க முடியாது.

"இன்னொரு வாட்டி படிம்மா" என்றது.

அம்மா மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.